அந்த வரியில் விரலை வை: சூப்பர் ஹீரோ கதையை வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் பிளாக் மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாய் விரித்தால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்துவிடுவார்கள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. இவர்களில் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். சிலர் கடகடவென்று ஓட்டுவார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கும், ஆனால் முடித்ததும் "என்னடா படிச்சே?" என்று கேட்டால் முழிப்பார்கள். அதே பிள்ளையிடம் ஸ்பைடர்மேன் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யாருக்கு யார் எதிரி, எவன் எதற்காகக் கெட்டவனானான், எந்த இடத்தில் ஏமாந்தான் என்று அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொல்வான். அப்படியென்றால் கதையைப் புரிந்துகொள்கிற மூளை அவனிடம் நன்றாகவே இருக்கிறது, தாளில் இருக்கிற எழுத்தோடு அது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் பழக்கிவிட நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் பிள்ளைக்குப் பயம் போய்விடும், அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே வாசிப்பான். அதே காரணத்தால் தாளைப் பார்க்காமல் படத்தில் பார்த்ததை வைத்துப் பதிலும் சொல்வான், பதில் சரியாக இருப்பதால் நாமும் ஏமாந்துபோவோம். அதனால் எங்கள் மாடியில் ஒரே ஒரு சட்டம்தான். என்ன பதில் சொன்னாலும் "எந்த வரியில இருக்கு? விரல் வை" என்று கேட்பேன். விரல் வைக்க வரி இல்லையென்றால், "இது தாள்ல இல்லக்கா, நானா நெனச்சேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை, எது தாளில் இருக்கிறது, எது தன் ஊகம் என்று ஒரு பிள்ளை பிரித்துச் சொன்னாலே வாசிப்பில் பாதி வேலை முடிந்தது.

இந்தச் சட்டத்தைப் பழக்க நான் எடுப்பது ஸ்பைடர்மேனின் முதல் கதையைத்தான். 1962இல் ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்தது, மொத்தம் 11 பக்கம். பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பீட்டர் என்ற பையனைச் சிலந்தி கடித்துச் சக்தி வருகிறது. டிவியில் வித்தை காட்டிப் பேர் வாங்குகிறான். ஒரு நாள் ஒரு திருடன் அவன் எதிரிலேயே ஓடுகிறான், துரத்தி வந்த போலீஸ்காரர் கத்துகிறார், இவனோ நமக்கென்ன என்று நின்றுவிடுகிறான். கொஞ்ச நாள் கழித்து அவனை வளர்த்த அங்கிள் பென்னை (நம் முறையில் பெரியப்பா) ஒருவன் கொன்றுவிடுகிறான். தேடிப் பிடித்து முகத்தைப் பார்த்தால் அதே திருடன். இதை எளிய தமிழில் பத்துப் பன்னிரண்டு வரியாகச் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டுவேன், கடைசி வரியில், பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் கூடவே வரும் என்று அவனுக்குக் கடைசியாகப் புரிந்தது என்று இருக்கும். அப்புறம் கேட்பேன்: "இத அவனுக்கு யாரு சொன்னது?"

மாடி முழுக்க ஒரே குரலில் "அவங்க பெரியப்பா!" என்று வரும். 2002இல் வந்த படத்தில் அவர்தான் சொல்கிறார். ஆனால் 1962 கதையில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை, கடைசிப் படக் கட்டத்தில், கதை சொல்கிறவரின் வரிகளைப் போடுகிற பெட்டிக்குள் அந்த வரி வருகிறது. விரல் வைக்கச் சொன்னதும் தேடுவார்கள், மேலே போவார்கள், கீழே வருவார்கள், கிடைக்காது. அந்தத் தேடல்தான் பாடம். ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ரொம்ப நேரம் தேடிவிட்டு, "அப்போ அவனுக்கு யாரும் சொல்லித் தரலக்கா, பட்டுத்தான் தெரிஞ்சுக்கினான்" என்றான். படத்தில் பெரியவர் சொன்னதைப் பிள்ளை கேட்கவில்லை. புத்தகத்திலோ சொல்ல ஆள் இல்லாமல், இழந்த பிறகு புரிகிறது. ஒரே வரிதான், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கதையே வேறாகிவிடுகிறது என்பதை அவன் நான் சொல்லாமலே கண்டுபிடித்தான்.

அடுத்தது மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். "வினவினான்", "மறுத்தான்", "திகைத்தான்" என்று வந்தால் அந்த வரியையே தாண்டிப் போய்விடுவார்கள், தெரியவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். சித்திரக்கதை இதற்கு ரொம்ப உதவும், ஏனென்றால் பலூனுக்குள் இருப்பது பேச்சு, மேலே பெட்டிக்குள் இருப்பது எழுத்துத் தமிழ், இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே கிடக்கின்றன. பெட்டியில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். பலூனில் இருப்பதை அவர்கள் பாஷையிலேயே பேசச் சொல்லுங்கள், "நீ யார்?" என்பது "இன்னாபா, யாரு நீ?" ஆகட்டும். திருத்தாதீர்கள். தன் பேச்சுக்கு மாற்றத் தெரிந்தால் அவனுக்கு அந்த வரி புரிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் திருப்பிப் போடலாம், அவர்கள் பேசுகிறதை நீங்கள் எழுதி, பெட்டித் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

சித்திரக்கதையில் இன்னொரு வசதி, இரண்டு கட்டத்துக்கு நடுவில் இருக்கிற வெள்ளை இடம். முதல் கட்டத்தில் கதவு மூடியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் ஹீரோ உள்ளே நிற்கிறான். எப்படி வந்தான்? வரைந்தவர் காட்டவில்லை, வாசிக்கிறவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்தை ஸ்டிக்கி நோட்டாலோ கிழித்த தாளாலோ மூடிவிட்டு, முன்னும் பின்னும் மட்டும் காட்டி, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். பிறகு திறந்து பாருங்கள். ஊகம் தப்பானால் விட்டுவிடாமல், எதைப் பார்த்து அப்படி நினைத்தாய் என்று கேட்பது முக்கியம், சில சமயம் பிள்ளையின் ஊகம் அச்சில் இருப்பதைவிட நன்றாக இருக்கும், அதையும் மனசாரச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய தொடர், தமிழில் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. எங்கள் மாடிக்கு வருகிற ஒரு பிள்ளையின் தாத்தா இதைப் பற்றி இன்றும் கண் விரியப் பேசுகிறார், அவரையே ஒரு நாள் கதை சொல்ல உட்காரவைத்தேன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. இங்கே "எப்போது மறைவான்? எது மறையாது? அதனால் என்ன சிக்கல்?" என்று நிபந்தனைகளை வாசிக்கப் பழக்கலாம். "பாய்ந்தால்", "தவிர", "மட்டும்" போன்ற சொற்களைத்தான் பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள், கணக்குப் பாடத்தில் வார்த்தைக் கணக்கு தப்புவதும் பாதி இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கதையில் மாயாவி தன் சக்தியைக் கெட்ட வழிக்குப் பயன்படுத்துகிறான் என்பதும் நல்ல பேச்சைக் கிளப்பும்.

கதையைத் திருப்பிச் சொல்லும்போது பிள்ளைகள் "அப்புறம்... அப்புறம்... அப்புறம்..." என்று கோத்துக்கொண்டே போவார்கள். அப்புறம் என்பது வரிசையை மட்டும்தான் சொல்லும். ஒரு நாள் அந்தச் சொல்லுக்குத் தடை போடுங்கள், "அதனால" அல்லது "ஆனா" இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். பீட்டர் திருடனை விட்டான், அப்புறம் பெரியப்பா செத்தார் என்று சொன்ன பிள்ளை, பீட்டர் திருடனை விட்டான், அதனால பெரியப்பா செத்தார் என்று சொல்லும்போது ஒரு கணம் நின்று யோசிக்கும். முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். இதோடு ஐந்து விரலுக்கு ஐந்து கேள்வி: யாரு? அவனுக்கு இன்னா வேணும்? எது குறுக்கே நின்னுச்சு? இன்னா பண்ணான்? அதனால இன்னா ஆச்சு? கட்டை விரலிலிருந்து மடக்கிக்கொண்டே வந்தால் சின்னப் பிள்ளையும் ஒரு கதையை ஐந்து வரியில் சொல்லிவிடும்.

இதெல்லாம் பழகியதும் யாருக்கும் தெரியாத கதை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் தாளை நம்பி வாசிக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. நான் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்:

கயலுக்கு ஒரு சக்தி இருந்தது. அவள் நினைத்தால் அவள் குரல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். அது ஆயாவுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் பள்ளியில் பேச்சுப் போட்டி. கயல் ஒரு மாதமாகப் பயிற்சி செய்திருந்தாள். யூனிஃபார்மை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

நடு இரவில் மழை கொட்டியது. கரண்ட் போனது. கரையில் ஒரு விளக்கும் இல்லை. ஆயா வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஃபைபர் போட் இன்னும் திரும்பவில்லை.

கயல் யூனிஃபார்மை ஒரு முறை பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் கருங்கல் மேட்டுக்கு ஓடினாள்.

"இந்தப் பக்கம் கல்லு! வலது பக்கம் வாங்க! இன்னும் வலது!"

விடியும்வரை அவள் நிறுத்தவில்லை.

காலையில் மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கயல் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் ஈர லுங்கியோடு மூன்று பேர் எழுந்து நின்றார்கள். கைதட்டினார்கள்.

இதை இரண்டு தடவை சத்தமில்லாமல் வாசிக்கவிட்டு, முதலில் தாளில் நேராக இருப்பதைக் கேளுங்கள்: எங்கே ஓடினாள், எத்தனை நாள் பயிற்சி செய்தாள். இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள், பள்ளித் தேர்வு இந்த வகைக் கேள்வியை வேண்டிய அளவு கேட்கிறது. அடுத்து, எழுதாமல் விட்டதைக் கேளுங்கள். மேடையில் ஏன் குரல் வரவில்லை? போட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்கள் யார் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? லுங்கி ஏன் ஈரம்? மழையில் பள்ளிக்கு வந்ததால் ஈரம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதற்கும் விரல் வைக்க வரி இருக்கிறது, ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பிள்ளை ஏன் மூன்று பேர் கைதட்டினார்கள் என்பதையும் விளக்க வேண்டும், அப்போது தானே யோசித்து மாற்றிக்கொள்ளும். காசிமேட்டுப் பிள்ளை ஒருத்தி, "வீட்டுக்குக்கூடப் போவாம நேரா வந்துருக்காங்கக்கா" என்றாள். கடலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவள், வீட்டில் பார்த்ததை வரிகளோடு சேர்த்துக்கொண்டாள்.

இனிமேல்தான் மையக்கருத்து. இதில் நம் பள்ளிப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். கதை முடிந்ததும் நீதி என்ன என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைகள் எந்தக் கதைக்கும் "பிறருக்கு உதவ வேண்டும்", "உண்மையே பேச வேண்டும்" என்று ரெடியாக வைத்திருக்கிறார்கள். கதையை வாசிக்காமலே அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம். அதனால் நான் அந்த இரண்டு வரியையும் முதலிலேயே போர்டில் எழுதிவிட்டு, இன்றைக்கு இந்த இரண்டும் கிடையாது என்று சொல்லிவிடுவேன். நீதி என்ன என்று கேட்கவே மாட்டேன். மூன்று கேள்விதான் கேட்பேன்: இவள் முடிவெடுத்தது எந்த வரியில்? அதற்காக எதை விட்டாள்? விட்டது திரும்பக் கிடைத்ததா?

சூப்பர் ஹீரோ கதையை நான் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான். சக்தி இருக்கிறவனால் எல்லாமும் முடியும் என்று தோன்றும், ஆனாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று வந்து நிற்பான். அந்த இடம் சின்னப் பிள்ளைக்கும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக இருக்கும். கயல் கதையில் அது "யூனிஃபார்மை ஒரு முறை பார்த்தாள்" என்ற வரி. அவள் மனசில் என்ன ஓடியது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த வரியில் விரலை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் எழுதியது இது: "நம்மகிட்ட ஒண்ணுதான் இருந்தா அத எதுக்கு செலவு பண்றதுன்னு நாமதான் முடிவு பண்ணணும்." இதுதான் மையக்கருத்து. "தியாகம்" என்று ஒரே சொல்லில் நிறுத்தினால் அது பேசுபொருள்தான், தியாகத்தைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் வரும்வரை விடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே வாக்கியம் வர வேண்டியதும் இல்லை. விரல் வைக்க வரி இருந்தால் போதும்.

பழைய பெரிய ஹீரோக்களையும் இப்படியே அணுகலாம். சூப்பர்மேன் 1938இல் வந்தவர், உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் வேறு நாட்டிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பிறந்த உலகம் அழிந்துபோக, வேற்று மண்ணில் வேறு பெயரோடு வளர்கிற குழந்தையின் கதை அது. வியாசர்பாடிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் குடியேறிய இடம் அது, பல வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் அந்தக் கதை இருக்கிறது. "சூப்பர்மேன் அவன் ஊர்லேந்து இன்னா எடுத்துக்கினு வந்தான், உங்க தாத்தா இன்னா எடுத்துக்கினு வந்தாரு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் வருகிற பதில்களை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.

வில்லனைப் பற்றியும் கேளுங்கள், இதை யாரும் கேட்பதில்லை. அவன் என்ன செய்தான் என்று ஒரு பக்கம், பார்க்க எப்படி இருக்கிறான், எப்படிப் பேசுகிறான் என்று இன்னொரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முகத்தில் தழும்பு, கறுத்த உடம்பு, கரகரத்த குரல் என்று வரிசையாக வரும். ஒரு தடவை ஒரு பையன், "படத்துல ரவுடின்னா நம்ம ஏரியா பாஷைதான்க்கா பேசுவான்" என்றான். அன்று திட்டமிட்ட பாடத்தை அப்படியே வைத்துவிட்டேன். ஒருவன் கெட்டவன் என்பதைக் கதை அவன் செயலால் காட்டுகிறதா, இல்லை அவன் தோற்றத்தாலும் பேச்சாலும் நம்மை நம்பவைக்கிறதா என்று வரி வரியாகப் பிரித்துப் பார்த்தோம். வட சென்னைப் பிள்ளைக்கு இந்த வாசிப்பு அவசியம், அவனைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கதைகளையும் அவன் வாசிக்கத்தானே போகிறான்.

எண்ணூரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் வரை படிந்தபோது, மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் கையாலேயே அள்ளினார்கள். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி வாசிக்கவிட்டு, இவர்கள் சூப்பர் ஹீரோவா என்று கேட்டேன். ஆமாம் என்று எல்லோரும் சொல்வார்கள், கைதட்டி முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "ஹீரோன்னா அவனா போறதுக்கா. இவங்களுக்கு வேற வழியில்ல. கிளவுஸ்கூட சரியா குடுக்கல" என்றது. முடிவெடுத்தது எந்த வரியில் என்ற கேள்வியை நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதை எனக்கே திருப்பிக் கேட்டுவிட்டது. தானாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கும், வேறு வழியில்லாமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று முக்கால் மணி நேரம் பேசினோம். உங்கள் கேள்வியின் மேலேயே பிள்ளை கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.

சரி, நடைமுறை. ஒரு நாளைக்கு முப்பது நிமிடம் போதும், வாசிக்கப் பத்து, பேச இருபது. ஒரு கதையை ஒரே நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள், மூன்று நாள் ஓட்டலாம். மூன்றாம் நான்காம் வகுப்புக்கு ஐந்து விரல் கேள்வியோடு நிறுத்துங்கள், மையக்கருத்தை ஐந்தாம் வகுப்புக்கு மேல் தொடலாம். புத்தகத்துக்கு அலைய வேண்டாம், உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கேளுங்கள், சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கிளறினால் பழைய சித்திரக்கதைகள் மாட்டும். எதுவும் கிடைக்காவிட்டால் சார்ட் பேப்பரில் நீங்களே எழுதுங்கள், பத்து வரி போதும். அடிதடி மட்டுமே இருக்கிற கதையை நான் எடுப்பதில்லை, அதில் முடிவெடுக்கிற இடம் இருக்காது.

கடைசிப் படி, அவர்களே ஒரு ஹீரோவை எழுதுவது. மூன்று நிபந்தனை: ஒரே ஒரு சக்தி, அது வேலை செய்யாத ஒரு நேரம், அதைப் பயன்படுத்தினால் போகிற ஒரு பொருள். இந்த மூன்றாவதைப் பிள்ளைகள் உடனே எழுத மாட்டார்கள், பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் எதுவும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள். போன மாதம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய ஹீரோவால் லாரிகளை நிறுத்த முடியும், ரோட்டைக் கடக்கிற எல்லோரையும் காப்பாற்றுவான், ஆனால் ஒவ்வொரு லாரியை நிறுத்தும்போதும் அன்றைக்கு விளையாடுகிற நேரத்தில் பத்து நிமிடம் போய்விடும். நோட்டின் அடியில் அவனே ஒரு கேள்வியும் எழுதி வைத்திருந்தான்: "அவன் எப்போ விளையாடுவான்?" அந்தக் கேள்வியைத்தான் மறுநாள் போர்டில் எழுதினேன்.